இறந்த பிள்ளையும் எஞ்சிய பிள்ளையும்: இங்கிலாந்தின் சிறுவர் வதை விசாரணை அறிக்கைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

அரசாங்க விசாரணை அறிக்கையொன்றை இலக்கிய விமர்சனத்தின் அளவுகோல் கொண்டு நோக்குதல் தகுமா என்ற ஐயம் இக்கட்டுரையைக் கையிலெடுக்கும் அன்பர்கள் சிலருக்கு எழக்கூடும். கவிதையும் நாவலும் நாடகமுமே விமர்சகனுக்கு உரியன, ஆணைக்குழு அறிக்கைகள் நிருவாகிகளுக்கும் சட்டத்தரணிகளுக்கும் உரியன என்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எழுதாவிதி. ஆயின் அறிக்கைக்கும் கதைமாந்தர் உளர். அதற்கும் தொடக்கமும் முடிவும் உள. எதனைக் கூறுவது, எதனை விடுவது என்ற தேர்வு அங்கும் நிகழ்கின்றது. அத்தேர்வின்மீது சட்டங்கள் எழுகின்றன, திணைக்களங்கள் மாற்றியமைக்கப்படுகின்றன, பல்லாயிரம் பிள்ளைகளின் நாளாந்த வாழ்வு ஒழுங்கு செய்யப்படுகின்றது. இத்துணை வலிமை வாய்ந்த எழுத்தை விமர்சனத்துக்குப் புறம்பானதென ஒதுக்கிவிடுவது விமர்சகன் தன் கடமையிலிருந்து நழுவுவதேயாகும்.

பெற்றோராலோ பாதுகாவலராலோ வதைக்கப்பட்டு இறந்த பிள்ளைகள் பற்றி இங்கிலாந்திலே இரண்டாம் உலகப்போர்க் காலம் முதலாக வெளிவந்த விசாரணை அறிக்கைகள் சிலவற்றை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். 1945 இல் டெனிஸ் ஓநீல் பற்றி மொங்க்ரன் அளித்த அறிக்கை, 1974 இல் மரியா கொல்வெல் பற்றி வெளிவந்த அறிக்கை, 1985 இல் ஜஸ்மின் பெக்ஃபோட் பற்றி வெளிவந்த அறிக்கை, 2003 இல் விக்ரோறியா கிளிம்பியே பற்றி லாமிங் பிரபு அளித்த அறிக்கை என்பன அவற்றுள் தலையாயன. அந்நாட்டுச் சிறுவர்நலச் சட்டங்களின் வரலாற்றிலே பெரும்பகுதி இவ்வறிக்கைகளின் வரலாறே எனலாம். நமக்கும் இதிலே தொடர்பில்லாமல் இல்லை. இலங்கையின் 1939 ஆம் ஆண்டுச் சிறுவர், இளைஞர் கட்டளைச்சட்டம் இங்கிலாந்தின் 1933 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தது. சட்டம் வந்தபொழுது அதனோடு கூடிய சிந்தனைப் பழக்கமும் வந்து சேர்ந்தது.

இவ்வறிக்கைகள் யாவும் இறந்த பிள்ளையிடமிருந்து தொடங்குகின்றன. அதன் விளைவாகக் காயத்தைக் கண்டுபிடிப்பதிலே கவனம் முழுவதையும் செலுத்துவதும், காயம்பட்டு உயிரோடிருக்கும் பிள்ளைக்கு யாது செய்வது என்ற வினாவுக்கு ஓரத்திலே இடம்கொடுப்பதுமான ஓர் அமைப்பு உருவாயிற்று என்பதே நமது கருத்து. அதனை நிறுவுவதற்கு முதலில் மருத்துவத்தின் பங்கினைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

வதைபட்ட பிள்ளையை மருத்துவம் கண்டுகொண்ட வரலாறு விசித்திரமானது. 1860 இல் பாரிஸ் நகரத்துச் சட்ட வைத்திய நிபுணர் அம்புறுவாஸ் ரார்டியூ, கொடுமைக்குள்ளான பிள்ளைகள் 32 பேரின் நிலையை விவரித்து எழுதினார். அவ்வெழுத்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1946 இல் அமெரிக்கக் கதிரியக்க வைத்தியர் ஜோன் கஃபி, மண்டையோட்டினுள் குருதி கசிந்த கைக்குழந்தைகள் அறுவரின் கைகால் எலும்புகளிலே பல முறிவுகள் காணப்படுவதைப் பதிவு செய்தார். ஆயினும் அம்முறிவுகளுக்குக் காரணமானவர் யார் என்பதை வெளிப்படையாகக் கூறும் துணிவு அக்காலத்து மருத்துவத்துக்கு வாய்க்கவில்லை. தந்தையும் தாயும் நல்ல உடையணிந்து வைத்தியசாலைக்கு வந்து அழும்பொழுது அவர்களை ஐயுறுவது எவ்வாறு? 1962 இல் ஹென்றி கெம்பும் அவருடைய சகாக்களும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையிலே வெளியிட்ட கட்டுரையே அத்தயக்கத்தை உடைத்தது. அமெரிக்காவின் 71 வைத்தியசாலைகளிலிருந்து அவர்கள் திரட்டிய 302 பிள்ளைகளுள் 33 பேர் இறந்திருந்தனர். 85 பேருக்கு மூளையிலே நிரந்தரச் சேதம் ஏற்பட்டிருந்தது. பேசத் தெரியாத குழந்தைக்காக எலும்பு பேசிற்று என்று இதனைச் சொல்லலாம். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் மாநிலங்கள் யாவும் வைத்தியர் இத்தகைய காயங்களை அறிவிக்க வேண்டுமெனச் சட்டம் இயற்றின.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. கெம்ப் அறிவித்தலோடு நின்றவரல்லர். டென்வர் நகரிலே அவர் பயிற்சிபெற்ற சாதாரணப் பெண்களை வதை நிகழ்ந்த வீடுகளுக்கு அனுப்பித் தாய்மாருக்குத் துணையாயிருக்கச் செய்தார். தாய் தன்னைக் கட்டுப்படுத்த இயலாதெனக் கருதும் வேளையிலே பிள்ளையைக் கொண்டுவந்து விடத்தக்க காப்பகங்களையும் அவர் வலியுறுத்தினார். அறிவித்தற் சட்டம் எங்கும் விரைந்து பரவிற்று. தாய்க்குத் துணை நின்ற பெண் எங்கும் பரவவில்லை. முன்னையதற்குத் தாளும் பேனாவும் போதும். பின்னையதற்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும்.

இனி அறிக்கைகளுக்கு வருவோம். 1945 ஜனவரியிலே சிறப்செயர் மாவட்டத்துப் பண்ணையொன்றிலே பன்னிரண்டு வயதுச் சிறுவன் டெனிஸ் ஓநீல் அடியாலும் பட்டினியாலும் இறந்தான். அவன் அரசின் பொறுப்பிலே வளர்ப்புக் குடும்பமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தவன். அவனை அனுப்பிய அதிகார சபை ஒன்று, அவன் வாழ்ந்த பிரதேசத்தின் அதிகார சபை வேறொன்று. மேற்பார்வை யாருடையது என்பது தெளிவின்றிக் கிடந்தது. மொங்க்ரன் அறிக்கை இந்நிலையைச் சுருக்கமாகவும் கடுமையாகவும் எடுத்துரைத்தது. பராமரிப்பிழந்த பிள்ளைகள் பற்றிய கேட்டிஸ் குழுவின் அறிக்கை 1946 இலும், சிறுவர் சட்டம் 1948 இலும் வெளிவந்தன. போரின் பின் எழுந்த நலன்புரி அரசின் நம்பிக்கை ஒளி அவ்வெழுத்துக்களிலே படிந்திருப்பதை மறுக்க இயலாது. பிற்கால அறிக்கைகளிலே அவ்வொளி இல்லை.

டெனிசின் கதைக்கு வேறு இரு வடிவங்களும் உண்டு. அவற்றை அறிக்கையோடு பக்கத்திலே வைத்து நோக்கும்பொழுதுதான் நமது விமர்சனத்தின் மையம் துலங்குகின்றது. முதலாவது, அகதா கிறிஸ்ரியின் கைபட்ட வடிவம். அச்சம்பவத்தைத் தழுவி 1947 இல் வானொலி நாடகமாக எழுதப்பட்டது, 1952 இல் 'எலிப்பொறி' என்னும் பொருள்படும் பெயரோடு இலண்டன் மேடைக்கு வந்து உலகிலேயே மிக நீண்டகாலம் நடிக்கப்பட்ட நாடகமாயிற்று. முடிவை வெளியே சொல்லலாகாதென்பது அந்நாடக மரபு. விமர்சகனை அம்மரபு கட்டுப்படுத்தாது. பண்ணையிலே வதைபட்டு இறந்த சிறுவனின் எஞ்சிய சகோதரனே வளர்ந்து பழிவாங்கும் கொலைஞனாக அங்கு வருகின்றான். மாலைப்பொழுதைக் கழிக்கவந்த மத்தியதர வர்க்கத்தினருக்கு வதையிலிருந்து மீண்ட பிள்ளை ஓர் அச்சுறுத்தலாகவே அறிமுகமாகின்றது. அந்நாடகத்தின் நுட்பத்தை மெச்சுவோர் இதைப்பற்றி எழுதியதை நாம் அதிகம் கண்டதில்லை.

இரண்டாவது, உண்மையாகவே எஞ்சிய சகோதரனின் வடிவம். டெனிசோடு அதே பண்ணையிலே வாழ்ந்தவன் தம்பி ரெறன்ஸ். பத்து வயதளவிலே நீதிமன்றத்திலே சாட்சி சொன்னவன். 65 ஆண்டுகள் கழித்து, 2010 இல், முதியவராகிவிட்ட ரெறன்ஸ் ஓநீல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். 'நம்மை நேசிக்க ஒருவர்' என்பது அந்நூற்பெயரின் பொருள். அறிக்கையிலே சாட்சியாக மட்டும் வந்துபோனவர் அங்கே கதைசொல்லியாகின்றார். அறிக்கை எங்கு முடிகின்றதோ அங்கிருந்து ஒரு வாழ்நாள் தொடர்கின்றது. இலக்கியத் தரத்திலே அது பெரும்படைப்பன்று. எனினும் சட்டத்தை மாற்றிய அறிக்கைக்குத் தோன்றாத வினாவொன்று அந்நூலின் இருப்பினாலேயே எழுகின்றது: அப்பண்ணையிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட சிறுவனுக்கு அதன்பின் யார் என்ன செய்தார்கள்? அறிக்கை, நாடகம், நினைவுநூல் ஆகிய மூன்றினுள் முதலாவது மீண்ட பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாவது அவனைக் கொலைஞனாக்கிற்று. மூன்றாவதை அவரே எழுதவேண்டியிருந்தது.

மரியா கொல்வெல் 1973 ஜனவரியிலே பிறைற்றன் நகரிலே மாற்றாந்தந்தையால் அடித்துக் கொல்லப்பட்டபொழுது அவளுக்கு ஏழு வயது. உறவினர் வீட்டிலே பல ஆண்டுகள் அன்பாக வளர்க்கப்பட்டவள், 1971 இல் பெற்ற தாயிடம் திருப்பி அனுப்பப்பட்டாள். அயலவரும் ஆசிரியரும் பலமுறை முறையிட்டிருந்தனர். அதே 1971 இலேதான் இங்கிலாந்தின் உள்ளூராட்சி அதிகார சபைகள்தோறும் ஒருங்கிணைந்த சமூகசேவைத் திணைக்களங்கள் தோற்றம் பெற்றிருந்தன. புதிய அமைப்பின் முதற் பெருஞ்சோதனையாக இவ்விசாரணை அமைந்தது. விசாரணை செய்தோர் மூவர். சட்டத்தரணியான ஃபீல்ட்-ஃபிஷர் தலைவர். மூவருள் ஒருவரான ஒலிவ் ஸ்ரீவன்சன் சமூகப்பணித் துறை அறிஞர். அவர் மற்றைய இருவரோடும் ஒரு பகுதியிலே உடன்படாது தமது கருத்தைத் தனி அத்தியாயமாக எழுதினார். ஓர் எழுத்துக்குள்ளே மற்றோர் எழுத்து அதனோடு முரண்பட்டு நிற்பது விமர்சகனுக்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பு. பெரும்பான்மையினர் நிகழ்ந்ததை அதன் முடிவிலிருந்து நோக்கினர்; ஸ்ரீவன்சனோ உத்தியோகத்தர் ஒவ்வொரு கட்டத்திலும் அறிந்திருந்ததையும் பிள்ளையின் உறவுகளிலே இருந்த சிக்கலையும் கணக்கிலெடுக்க முயன்றார். நாடு பெரும்பான்மையினரின் குரலையே கேட்டது. அதன்பின் அபாயத்திலுள்ள பிள்ளைகளின் பதிவேடுகளும், பல துறையினர் கூடும் மாநாடுகளும் நாடெங்கும் நிறுவப்பட்டன.

இவ்விடத்திலேயே அறிக்கை என்னும் வடிவத்தின் பொது இலக்கணத்தைக் கூறிவிடலாம். முடிவு தெரிந்த கதையாக அது தொடங்குகின்றது. கிரேக்கத் துன்பியல் நாடகத்திலே பார்வையாளர் அறிந்ததை நாயகன் அறியாதிருப்பது போல, வாசகர் அறிந்த மரணத்தை உத்தியோகத்தர் அறியாதிருக்கின்றார். தவறவிடப்பட்ட தொலைபேசி அழைப்பு, பூட்டியிருந்த கதவு, தபாலிலே தாமதித்த கடிதம் ஆகிய ஒவ்வொன்றும் தீநிமித்தமாக மாறுகின்றது. அதே நாளிலே அதே உத்தியோகத்தர் சென்றுபார்த்த வேறு பத்து வீடுகளும், அங்கு பிழைத்துக்கொண்ட பிள்ளைகளும் கதைக்குள் வருவதில்லை. ஆகவே தவறு என்பது எப்போதும் 'தகவல் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போய்ச்சேராமை' என்ற வடிவத்திலேயே புலனாகின்றது. தகவலுக்குத் திகதி உண்டு. அதனை எழுதியவர் உளர். அவரைச் சாட்சிக்கு அழைக்கலாம். வறுமைக்குத் திகதி இல்லை. ஈரம் கசியும் அறையையும் கட்டிமுடிக்கப்படாத வாடகைக் கடனையும் குறுக்குவிசாரணை செய்ய இயலாது. வர்க்க சமுதாயத்தின் நிலைமைகள் அறிக்கையிலே அரங்கின் பின்திரையாக மட்டும் தொங்குவதற்கு எழுதியவரின் தீயநோக்கம் காரணமன்று, வடிவமே அவ்வாறானது.

ஜஸ்மின் பெக்ஃபோட்டின் கதையிலே இவ்வடிவம் முழுவளர்ச்சி பெற்றது. 1981 இல் தொடையெலும்பு முறிந்த நிலையிலே வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தை, வளர்ப்புக் குடும்பத்திலே சிறிதுகாலம் இருந்து 1982 இல் வீடு திரும்பிற்று. 1984 இல், நான்கு வயதிலே, இறந்தது. கடைசிப் பத்து மாதங்களில் சமூகப் பணியாளர் அவளை ஒரேயொரு முறைதான் கண்டார். புளொம்-கூப்பர் தலைமையில் எழுந்த அறிக்கை, பணியாளர்கள் பெற்றோரையே தம் பொறுப்புக்குரியவராகக் கருதிப் பிள்ளையை மறந்தனரென இடித்துரைத்தது. அது நியாயமான கண்டனம். ஆயின் 1987 இல் மிடில்ஸ்பரோ நகரிலே ஊசல் மறுபுறம் ஆடிற்று. இரு வைத்தியர் ஐந்து மாதங்களுக்குள் 121 பிள்ளைகள் பாலியல் துஷ்பிரயோகத்துக்குள்ளாயினர் என நிர்ணயம் செய்ய, பிள்ளைகள் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு வைத்தியசாலை விடுதிகளிலே நிரம்பினர்; பலர் பின்னர் வீடு திரும்பினர். அடுத்த ஆண்டு வெளிவந்த பட்லர்-ஸ்லொஸ் அம்மையாரின் கிளீவ்லன்ட் அறிக்கை, நாம் நோக்கும் வரிசையிலே தனித்து நிற்பது. அங்கே இறந்த பிள்ளை இல்லை. ஆகவேதான் பரிசோதனை என்ற பெயரிலே மீண்டும் மீண்டும் உடல் சோதிக்கப்பட்ட பிள்ளையின் உணர்வு பற்றியும், பிள்ளையை ஒரு பொருளாக அன்றி ஓர் ஆளாக நடத்தவேண்டியது பற்றியும் அதனாற் பேச முடிந்தது. உயிரோடிருக்கும் பிள்ளையைப் பற்றி எழுத நேரும்பொழுது அறிக்கையின் மொழியே மாறுகின்றது. 1989 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் இவ்விரு போக்குகளையும் சமன்செய்ய முயன்றது.

லாமிங் அறிக்கை அளவாலும் வாசகர் தொகையாலும் இவ்வரிசையின் சிகரம். ஐவரிகோஸ்ட் நாட்டிலே பிறந்து, பெற்றோரின் மாமியுறவான ஒரு பெண்ணோடு பிரான்ஸ் வழியாக இலண்டனுக்கு வந்த விக்ரோறியா, 2000 பெப்ரவரியிலே எட்டு வயதில் இறந்தாள். உடலிலே 128 தனித்தனிக் காயங்கள் எண்ணப்பட்டன. நான்கு அதிகார சபைகளின் சமூகசேவைப் பிரிவுகள், இரு வைத்தியசாலைகள், பொலிசாரின் இரு சிறுவர் பாதுகாப்புக் குழுக்கள் ஆகியன அவளை அறிந்திருந்தன. காப்பாற்றுவதற்கு வாய்த்த பன்னிரண்டு சந்தர்ப்பங்கள் தவறவிடப்பட்டன என்பது லாமிங்கின் கணக்கு. முன்வைக்கப்பட்ட சிபாரிசுகள் 108. முதலிற் சென்ற வைத்தியசாலையிலே அவளது தழும்புகள் சொறிநோயால் வந்தன என்று நிர்ணயிக்கப்பட்டது. அவளுக்குப் பொறுப்பாயிருந்த சமூகப் பணியாளர் ஏழு மாதங்களில் நான்கு தடவைகள் அவளைக் கண்டார். நான்கையும் கூட்டினால் அரைமணி நேரம் தேறாது.

அப்பெரிய அறிக்கையிலே சிறியதொரு பகுதி நம்மை நெடுநேரம் நிறுத்திவைக்கின்றது. 1999 ஜூலையிலே, தலையும் முகமும் வெந்த காயத்தோடு இரண்டாவது வைத்தியசாலையிலே சேர்க்கப்பட்ட விக்ரோறியா ஏறத்தாழ இரண்டு கிழமைகள் அங்கு இருந்தாள். தாதியர் அவளை விரும்பினர். அவள் விடுதியின் நடைபாதையிலே சுழன்று சுழன்று ஆடித்திரிந்தாள். 'தாய்' எனப்பட்டவள் பார்க்க வரும்பொழுது மட்டும் பிள்ளை அஞ்சி விறைத்து நின்றதையும் தாதியர் கண்டனர். அக்காட்சிகள் குறிப்பேட்டிலே முழுமையாக ஏறவில்லை. லாமிங் இதனைப் பதிவுக் குறைபாடென்று பட்டியலிடுகின்றார். அது சரியே. ஆயின் நாம் வேறொன்றையும் காண்கின்றோம். அந்த இரண்டு கிழமைகளே அவ்வறிக்கை முழுவதிலும் அப்பிள்ளை பிள்ளையாக வாழ்ந்த காலம். ஒழுங்கான உணவு, தூய படுக்கை, பெயர் சொல்லி அழைக்கும் ஆட்கள். இவ்வளவோடு ஒரு பிள்ளை ஆடத் தொடங்கிவிடுகின்றது. பராமரிப்பு என்பது யாது, அதற்கு எத்துணை நாள் எடுக்கும், அதனைச் செய்பவர் யார் என்ற ஆராய்ச்சிக்கு அங்கே வாயில் திறந்து கிடந்தது. அறிக்கை அதனைக் கடந்து கையொப்பமிடப்படாத படிவங்களைத் தேடிச் சென்றுவிட்டது.

விளைவு நாம் எதிர்பார்க்கத்தக்கதே. 2004 இல் புதிய சிறுவர் சட்டம் வந்தது. நாட்டின் பிள்ளைகள் யாவரையும், ஏறக்குறைய ஒரு கோடிப் பத்து இலட்சம் பேரை, உள்ளடக்கும் கணினிப் பதிவேடொன்று 2009 இலே தொடங்கப்பெற்று 2010 ஓகஸ்டிலே மூடப்பட்டது. அதற்கிடையே 2007 ஓகஸ்டிலே, விக்ரோறியா வாழ்ந்த அதே ஹரிங்கே பகுதியிலே, பதினேழு மாதக் குழந்தை பீற்றர் கொனலி இறந்தான். எட்டு மாதங்களில் 60 தடவை உத்தியோகத்தரும் வைத்தியருமாகப் பலர் அவனைக் கண்டிருந்தனர். பத்திரிகைகள் உத்தியோகத்தரை வேட்டையாடின. திணைக்களப் பணிப்பாளர் பதவி நீக்கப்பட்டார். அந்நீக்கம் சட்டத்துக்கு மாறானதென 2011 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அதே ஆண்டு பேராசிரியர் எய்லீன் மன்றோ தமது மீளாய்வை வெளியிட்டார். படிவம், காலவரையறை, விதி ஆகியவற்றின் பெருக்கம் பணியாளரைப் பிள்ளையிடமிருந்து பிரித்துக் கணினித் திரையின் முன் அமர்த்திவிட்டதென அவர் காட்டினார். அறிக்கைகள் ஒவ்வொன்றும் முந்தைய மரணத்துக்கு மருந்தாக விதித்த நடைமுறைகளே நோயாகிவிட்டன என்பது அதன் உட்பொருள். மன்றோவின் எழுத்திலே மரணம் மையமாக இல்லை என்பதை வாசகர் கவனிப்பாராக.

எண்களை நோக்கினால் இவ்வடிவத்தின் கேடு இன்னும் துலக்கமாகும். அண்மைய ஆண்டுகளில் இங்கிலாந்திலே எந்நேரமும் ஏறக்குறைய 50,000 பிள்ளைகள் பாதுகாப்புத் திட்டங்களின்கீழ் உள்ளனர். அவர்களுள் பாதியளவினருக்குப் பதியப்பட்ட முதற்காரணம் புறக்கணிப்பு. உளரீதியான துன்புறுத்தல் அடுத்தது. அடித்துக் கொல்லப்பட்ட ஒருசிலரின் கதைகளிலிருந்து வார்த்தெடுத்த அமைப்பு, பட்டினியும் அழுக்கும் தனிமையுமாக வாடும் பல்லாயிரம் பேர்மீது பொருத்தப்பட்டிருக்கின்றது. புறக்கணிப்புக்கு முறிந்த எலும்பு இல்லை. அதற்கு எதிர்ப்பொருள் தொடர்ச்சியான பராமரிப்பே. மிக வறிய பத்திலொரு பகுதி அயல்களில் வாழும் பிள்ளை, மிக வசதியான பத்திலொரு பகுதி அயல்களில் வாழும் பிள்ளையைவிட, அரசின் பராமரிப்பிலோ பாதுகாப்புத் திட்டத்திலோ இருப்பதற்கான வாய்ப்புப் பத்து மடங்குக்கும் அதிகமென போல் பைவாற்றேர்சும் அவருடைய சகாக்களும் காட்டியுள்ளனர்.

இதனை எடுத்துக்கொண்டு, வதை ஏழைகளின் இயல்பு என்று கூறப்புறப்படுவோருக்கு வேறொரு சான்று உண்டு. 1998 இல் ஃபெலிற்றியும் அண்டாவும் வெளியிட்ட ஆய்வு கலிபோர்னியாவிலே மருத்துவக் காப்புறுதி பெற்ற, பெரும்பாலும் மத்தியதர வர்க்கத்தினரான 9,508 பேரிடமிருந்து பெற்ற விடைகளை ஆராய்ந்தது. அவர்களிடையேயும் சிறுபராயக் கொடுமைகள் பரவலாகக் காணப்பட்டன. நான்கோ அதற்கு மேலோ வகையான கொடுமைகளை அனுபவித்தோரிடம் மதுவடிமை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியன நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு அதிகமாயிருந்தன. மாளிகையின் சுவர் தடிப்பானது. குடிசையின் சுவர் மெல்லியது. வறுமை வதையின் வாய்ப்பைக் கூட்டுகின்றது, கூடவே அதனைப் பிறர் கண்ணுக்குப் புலப்படுத்தவும் செய்கின்றது. முற்போக்காளர் இவ்விரண்டிலே ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடுவது தகாது. அவ்வாய்வும் இப்பொழுது துஷ்பிரயோகிக்கப்படுகின்றது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்: மக்கள் கூட்டமொன்றைப் பற்றிய கணக்கைத் தனிப்பிள்ளையின் நெற்றியிலே எண்ணாகப் பொறிப்போர் பெருகிவிட்டனர்.

எஞ்சிய பிள்ளைக்கு அந்நாடு செய்வதுதான் என்ன? சட்டப்படி செய்வது சில உண்டு. அரசின் பராமரிப்புக்கு வரும் பிள்ளைக்கு இருபது வேலைநாட்களுக்குள் வைத்தியரொருவர் சுகாதார மதிப்பீடு செய்யவேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்தோருக்கு ஆறு மாதத்துக்கொருமுறையும் ஏனையோருக்கு ஆண்டுக்கொருமுறையும் அது மீளச்செய்யப்பட வேண்டும். பல், பார்வை, தடுப்பூசி, உயரம், நிறை யாவும் நோக்கப்படுகின்றன. உள்ளத்தின் நிலை பற்றி வளர்ப்போரிடம் வினாக்கொத்தொன்று கொடுத்து ஆண்டுதோறும் புள்ளி பெறப்படுகின்றது. புள்ளி மத்திய அரசுக்கு அனுப்பப்படுகின்றது. புள்ளி மோசமாயிருந்தால் பிள்ளை உளநலச் சேவையின் காத்திருப்போர் வரிசையிலே சேர்கின்றது. தங்குமிடம் மாறும்பொழுது அவ்வரிசையும் மாறிவிடுகின்றது. அளவிடுதலே பராமரிப்பாகிவிட்டது என்று நாம் கூறுவதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. தேசிய மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் 2017 இலே வெளியிட்ட சிறுவர் துஷ்பிரயோக வழிகாட்டல், வதையின் பின் எவ்வயதுப் பிள்ளைக்கு எத்தகைய உளச்சிகிச்சை, வளர்ப்போருக்கு எத்தகைய துணை என்பதை வகுத்தே கூறுகின்றது. ருமேனியாவிலே 2000 ஆம் ஆண்டிலே தொடங்கி 136 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, விடுதியிலிருந்து நல்ல வளர்ப்புக் குடும்பத்துக்குச் சென்ற பிள்ளைகள், அதிலும் இரண்டு வயதுக்கு முன் சென்றோர், அறிவாற்றலிலே தெளிவாக மீண்டதைக் காட்டியுள்ளது. மீட்சி இயலும், நேரமும் நிலையான ஆட்களும் வேண்டும்.

நேரமும் ஆட்களும் எங்கே போயின? அரசின் பராமரிப்பிலிருந்த பிள்ளைகள் 2010 இல் ஏறத்தாழ 64,000. 2023 இல் ஏறத்தாழ 84,000. சிறுவர் இல்லங்களுள் மிகப் பெரும்பாலானவை தனியார் கையிலே உள்ளன. அவற்றை நடத்தும் பெரிய கம்பனிகள் பதினைந்து, 2016 முதல் 2020 வரை சராசரியாக நூற்றுக்கு 22.6 இலாபம் ஈட்டினவென்று போட்டி, சந்தை அதிகார சபையே 2022 இல் அறிக்கையிட்டது. இவ்வறிக்கைக்குக் கண்ணீர் சிந்தியோர் இலர். முன்பக்கச் செய்தியும் இல்லை. அதே ஆண்டு வெளிவந்த சிறுவர் சமூகப் பராமரிப்பு மீளாய்வு சுமார் 260 கோடி பவுண் தேவையெனக் கணித்தது. அடுத்த ஆண்டு அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு அறிவித்தது 20 கோடி. காயம்பட்ட பிள்ளை சந்தைக்குரிய சரக்காகிய கதையை எழுதுவதற்கு எந்த ஆணைக்குழுவும் இதுவரை நியமிக்கப்படவில்லை.

வதை நிகழுமுன் வீடுசெல்லும் முறை பற்றியும் சிறிது கூறவேண்டும். நியூயோர்க் மாநிலத்தின் எல்மைறா நகரிலே டேவிட் ஓல்ட்ஸ் 1970 களின் இறுதியிலே தொடங்கிய சோதனையில், வறிய இளந்தாய்மாரைக் கருவுற்ற காலந்தொட்டு இரண்டாண்டுகள் தாதியர் வீட்டிலே சென்று கண்டனர். பதினைந்து ஆண்டுகளின் பின் அக்குடும்பங்களிலே வதை, புறக்கணிப்புப் பதிவுகள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்திருந்தன. இங்கிலாந்து 2007 இல் அம்முறையை இறக்குமதி செய்தது. 2015 இலே வெளிவந்த பெரிய ஆய்வு, குழந்தையின் இரண்டு வயதுவரையான முக்கிய அளவைகளிலே மேலதிக நன்மை காணவில்லை. இதனைக் கொண்டு வீட்டுத் தரிசிப்பு வீணென்று முடிவுகட்டுவது அவசரமாகும். எல்மைறாவிலே வீட்டுத் தரிசிப்புக் கிடைக்காத தாயோடு தாதி கிடைத்த தாய் ஒப்பிடப்பட்டாள். இங்கிலாந்திலோ எல்லா வீடுகளுக்கும் சுகாதாரத் தாதி ஏற்கெனவே சென்றுகொண்டிருந்தாள். அனைவருக்குமான சேவை எவ்வளவு பெறுமதியானது என்பதற்கே அது சான்று எனக் கொள்ளலாம். அச்சேவையே பின்னர் ஆட்குறைப்புக்கு உள்ளாயிற்று.

இந்த இடத்திலே நமது நாட்டை நோக்கித் திரும்புவது பொருந்தும். 1926 இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பெற்றது முதலாகக் கிராமத்து வீடுகளின் படலையைத் திறந்துகொண்டு செல்லும் குடும்பநல மாது இங்கு உள்ளாள். ஊரார் 'மருத்துவிச்சி அம்மா' என்று இன்றும் அழைக்கும் அவள், பிள்ளையின் வளர்ச்சி அட்டையிலே மாதந்தோறும் புள்ளியிட்டு வருகின்றாள். கோடு கீழ்நோக்கி வளையும்பொழுது காரணத்தைத் தேடி வீட்டுக்குப் போகின்றாள். நாம் இக்கட்டுரையிலே தேடிய, உயிரோடிருக்கும் பிள்ளையை மையமாகக் கொண்ட எழுத்து எங்கேனும் உண்டெனின் அது இந்த அட்டைதான். கமிஷன்கள் எழுதாத அறிக்கை அது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1995 இலே தண்டனைக் கோவை திருத்தப்பட்டுச் சிறுவர் கொடுமை தனிக் குற்றமாக்கப்பட்டது. அறிவித்தலும் தண்டித்தலும் நமக்கும் வந்துவிட்டன. வதைபட்ட பிள்ளை பொலிசிலும் சட்ட வைத்திய அதிகாரியிடமும் மீண்டும் நீதிமன்றத்திலும் ஒரே கதையைச் சொல்லி, இறுதியிலே சிறுவர் இல்லமொன்றுக்குப் போய்ச்சேர்வதும் நாம் அறிந்ததே. அவ்வில்லங்களிலே வாழ்வோருள் பெற்றோர் உயிரோடிருந்தும் வறுமையாலோ தாய் வெளிநாட்டு வேலைக்குச் சென்றமையாலோ வந்தோர் பலர். மருத்துவிச்சி அம்மாவின் அட்டையையும் அதிகார சபையின் கோவையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஏற்பாடு எங்கும் வழக்கமாகவில்லை. அட்டையிலே அச்சத்தைக் குறிக்க நிரலும் இல்லை.

குடும்பநல மாதின் தரிசிப்பு ஐந்து வயதோடு ஏறக்குறைய நின்றுவிடுகின்றது. அதன்பின் குறித்த சில வகுப்புகளிலே பாடசாலை மருத்துவப் பரிசோதனை மட்டும் உண்டு. அட்டை அலுமாரிக்குள்ளே பிறப்புச் சான்றிதழோடு வைக்கப்பட்டுவிடுகின்றது. மரியாவுக்கு ஏழு வயது, விக்ரோறியாவுக்கு எட்டு, டெனிசுக்குப் பன்னிரண்டு.